கடைவதா, மாற்றுவதா

ஜூலை 9, 2024, செவ்வாய்

நார்த்தாமலைப் பிரிவில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறியது. பின்சீட்டில் படுத்திருந்த மாமனார் முழித்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் திருமயத்திலிருந்து திருச்சிக்கு அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய் வரவே என் உடம்பில் தெம்பில்லை. இப்போது காருக்கும் உடம்பு சரியில்லை.

ஜூலை 12, வெள்ளி

திரும்பும் வழியில் புதுக்கோட்டையில் நல்லதம்பி பட்டறையில் நிறுத்தினேன். முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் டிஸ்க் தேய்ந்து, விளிம்பு மட்டும் வரப்பு மாதிரி எழும்பி நிற்கிறது. லேத்தில் கடைந்து சமமாக்கிப் போட்டால் செலவு குறைவு, ஆனால் தகடு இன்னும் மெலிந்துவிடும், ஆறு மாதம் ஓடும் என்றார். புதிது போட்டால் மூன்று வருடத்துக்குக் கவலையில்லையாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

வரும்போதே சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாமா தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கார் ஸ்பீக்கரில் இவர் குரல் கணீரென்று வந்தது.

"கடைஞ்சே போடு சுகுணா. ஆறு மாசம் போதும்ல? அதுக்கப்பறம் நமக்குக் கார் எதுக்கு?"

கண்ணாடியில் பார்த்தேன். மாமா விழித்திருந்தார்.

ஜூலை 13, சனி

கஞ்சி கொடுக்கும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"அவன் சொல்றது சரிதான் ஆத்தா. கடைஞ்சே போடச் சொல்லு."

கோபமே இல்லை. பெற்ற மகனை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஜூலை 14

மாமா கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். நானும்தான்.

ஜூலை 16, செவ்வாய்

மாமா கிளம்பவில்லை. போதும், ஒனக்கும் அலைச்சல் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினேன். அசையவில்லை. இவருக்குப் போன் போட்டேன். நான் வண்டியத்தானே சொன்னேன், வண்டியத்தானே சொன்னேன் என்று அழுகிறார். இப்ப அழுது என்ன செய்ய? அங்கிட்டு உக்காந்துக்கிட்டு ஒரு வாய் வார்த்தை, இங்கிட்டு எனக்குச் சோறு எறங்கல.

இன்னொன்றும் இருக்கிறது. மாமா வரவில்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை — இன்றைக்கு ஓட்டவேண்டாம் என்ற நிம்மதி. ஒரு நிமிடம்தான். ஆனால் வந்தது. நான் மட்டும் என்ன உசத்தி?

ஜூலை 17, புதன்

காலையில் காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டேன். யாரையும் கேட்கவில்லை. புது டிஸ்க், புது பிரேக் பேட், இரண்டு பக்கமும். கழற்றிய பழசைச் சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். எப்போதும் அங்கேயே விட்டுவிடுவேன். இந்தமுறை தூக்கி வந்து மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கை கடுத்துவிட்டது.

"மாத்திட்டேன் மாமா. மூணு வருசம் ஓடணும். நீங்க வரலைன்னா நான் யாரை வச்சு ஓட்டுறது?"

சாக்கை விலக்கி, தேய்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது.

ஜூலை 18

மூச்சு வாங்குகிறது அவருக்கு. பயமாக இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

காலையில் எழுப்பப் போனால் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். காரைச் சுற்றி ஒரு நடை மெதுவாக நடந்துவிட்டு ஏறினார். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, கீரனூர் தாண்டி ஒரு லாரிக்காகப் பிரேக்கை மிதித்தேன். உதறாமல் நின்றது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"முன்னாடி டயரு ரெண்டும் மொட்டையாக் கெடக்கு ஆத்தா. அதையும் மாத்திரு."

சரி மாமா என்றேன். திங்கட்கிழமை டயர் கடைக்குப் போகவேண்டும்.