கடைசி வீட்டுக்கு நாம் போட்ட எண்

எதிர்வீட்டுக் கேட்டுக்குச் சிவப்பு பெயிண்ட் அடிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் வாசனை இருக்கிறது.

எம்.ஏ. விடுமுறையில் நமக்குக் கிடைத்த வேலை அது. உப்பல் பக்கம், ஏரியோரக் குடிசைகளின் கதவுகளில் சிவப்பு பெயிண்டில் எண் போட வேண்டும். பட்டா கொடுக்கத்தான் கணக்கெடுப்பு என்றார்கள். அரசியல் கோட்பாடு படிக்கிற இரண்டு பேர். எந்த உத்தரவையும் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

நீ பிரஷ் பிடித்தாய். நான் பதிவேட்டில் எழுதினேன். கடைசி வீடு பட்டியலில் இல்லை. தன் கதவிலும் எண் போடச் சொல்லி அந்த வீட்டு அம்மா தெலுங்கில் கெஞ்சினார். வேண்டாம் என்றேன்.

"ஒரு நம்பர் போட்டா உன் சொத்து குறைஞ்சிடுமாடா?"

என்னிடம் கேட்டுக்கொண்டே போட்டாய். அவர் நமக்கு டீ கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, எண் இருந்த வீடுகளை மட்டும் இடிக்க வந்தார்கள்.

நீ அந்தக் கடைசி வீட்டின் முன் போய் உட்கார்ந்தாய். உன்னை இழுத்து வர வந்த நானும் பிடிபட்டேன். இனி தலையிட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாக ஸ்டேஷனில் சொன்னார்கள். அநியாயம் செய்யும் அரசை எதிர்ப்பது குடிமகனின் உரிமைதான், கடமை அல்ல என்று உன்னிடம் வாதாடினேன். பெஞ்சில் உட்கார்ந்து, செமினார் மாதிரி.

"கடமையெல்லாம் நக்கோடா, வேணாம். அந்தக் கதவுல நம்பர் போட்டது நான். இப்போ எனக்குச் சம்பந்தமில்லைன்னு எழுதித் தரணுமா?"

"எங்கப்பா சென்ட்ரல் கவர்மென்ட்டுல இருக்காரு. கேஸுன்னு வந்தா..."

"தெரியும். நீ போடு, கோவிச்சுக்க மாட்டேன். போறப்ப எனக்கு ஒரு சாய் சொல்லிட்டுப் போ. இங்க குடுக்கிறது பாத்திரம் கழுவின தண்ணி."

கையெழுத்துப் போட்டேன். சாய் சொல்ல மறந்துவிட்டேன்.

இருபது நாள் சிறை. காய்ச்சலோடு வெளியே வந்தாய். அது இறங்கவே இல்லை.

உன்னை எடுத்துப் போன பிறகு உன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். "ரெண்டு பேரையும் ஒண்ணாத்தானேப்பா பிடிச்சாங்க? நீ மட்டும் எப்படி அன்னைக்கே வந்துட்ட?"

"ஹவ் ஆன்ட்டி, ஆமா, ஒண்ணாத்தான்" என்றேன். முதல் கேள்விக்கு மட்டும்.

இப்போது அதே பாடத்தை நான் நடத்துகிறேன். எதிர்ப்பது கடமையா? இரண்டு தரப்பு வாதங்களையும் பலகையில் எழுதிப்போடுகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

உன் அம்மா குகட்பள்ளியில்தான் இருக்கிறார். இன்னும் போய்ச் சொல்லவில்லை.