யாருக்குக் கொழுப்பு

மார்ச் 3, ஞாயிறு

இன்று இரண்டு கிலோ வான்கோழிக் கறி. துண்டு போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கை விறைக்க விறைக்க மெஷினில் அரைத்தேன். கறி சூடேறினால் சாசேஜ் வெந்ததும் உதிர்ந்துபோகும். பூண்டு, மிளகு, துருவிய ஆப்பிள், உப்பு. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பிக் கையைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதுவரை பிசையணும். நாத்தனார் வழக்கம்போல உதவிக்கு வந்திருந்தார். நான் கறியை அடைக்கிற குடலை அலசப் போன நேரத்தில் மீதியை அவரே பிசைந்து முடித்துவிட்டார்.

ஆறு வாரமாகச் செய்கிறேன். முதல் மூன்று வாரம் இவர் வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி மென்றார். இப்போது தட்டை வழித்துச் சாப்பிடுகிறார். என் கை பழகிவிட்டது, வேறென்ன!

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. 28-ஆம் தேதி டாக்டர் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் இவர் மறுபடியும் பஸ் ஓட்டலாம். இருபத்திரண்டு வருஷம் ஸ்டீரிங் பிடித்த மனிதர், பகலெல்லாம் டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

தையல் கூடத்தில் என் சாசேஜைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் செய்முறை கேட்டாள். எழுதியே கொடுத்தேன்.

மார்ச் 8, வெள்ளி



வேலை முடிந்து கறி வாங்கப் போனேன். கறிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "என்னம்மா, உங்க நாத்தனாரு நாளைக்கு வருவாங்கல்ல? கொழுப்பு எடுத்து வச்சிருக்கேன்."

"என்ன கொழுப்பு?"

"பன்றிக் கொழுப்புதான். மூணு சனிக்கிழமையா வந்து கால் கிலோ பொடிசா நறுக்கி வாங்கிட்டுப் போறாங்களே. சாசேஜுக்குன்னு சொன்னாங்க. நல்ல யோசனைதாம்மா, வான்கோழி வெறுமனே போட்டா காஞ்சு போயிடும்."

மூன்று வாரம். ருசி வந்த அதே மூன்று வாரம். பொரித்த வாணலி ஆறினதும் ஏன் வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடந்தது என்று இப்போது தெரிகிறது. நான் அதைக் கறியின் சாறு என்று நினைத்தேன். முட்டாள்! கை பழகிவிட்டதாம் கை!

டாக்டர் கொழுப்பு கூடாது என்று சொன்னது இவர் ரத்தத்தில். நாத்தனாருக்கு இருக்கும் கொழுப்புக்கு எந்த டாக்டரிடம் போவது?

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே கத்தினேன். அவர் மறுக்கக்கூட இல்லை.

"பெரிய தம்பிக்கு எட்டு மாசம் நான்தான் அவிச்ச காய் குடுத்தேன். உப்பு இல்ல, ருசி இல்ல. கடைசியில ஒரு வாய் நல்லதாக் கேட்டான். டாக்டர் சொன்னாருன்னு குடுக்கல. மறுநாள் போயிட்டான். இவனுக்கும் அப்படிச் செய்யச் சொல்றியா?"

"அதுக்காக இவரையும் அனுப்பி வைக்கணுமா அண்ணி? இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

அதைவிட மோசம் வீட்டில். "உங்களுக்குத் தெரியுமா?" என்று இவரிடம் கேட்டேன். ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியுமாம்!

"அக்கா ஆசையாப் பண்ணுச்சு. நான் எப்படிக் காட்டிக் குடுக்கறது?"

என்னைக் காட்டிக் கொடுக்கலாம். எனக்கு மட்டும் துரோகம் பண்ணலாம். நான் யாரு இந்த வீட்டில்? சமையல்காரியா?

மார்ச் 9, சனி

இவர் தட்டை டிவி முன்னால் வைத்துவிட்டு, நான் அடுப்படியில் நின்றே சாப்பிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஃப்ரீசரில் இருந்த பழையதையெல்லாம் குப்பையில் கொட்டினேன். தனியாகவே அரைத்தேன், தனியாகவே குடலில் அடைத்தேன். ஒரு கை குடலைப் பிடிக்கணும், ஒரு கை மெஷினைச் சுற்றணும், ஒரு கை கறியைத் தள்ளணும். மூணு கைக்கு எங்கே போக? இரண்டு இடத்தில் குடல் கிழிந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே செய்தேன்.

அடைப்பதற்கு முன்னே, பிசைந்த கறியில் ஒரு சின்ன வடை தட்டிப் பொரித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. ருசி என்றால் கொழுப்பு மட்டும்தானா? பூண்டைக் கூட்டினேன், மிளகைக் கூட்டினேன், உப்பு இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டேன். இவர் பேசாமல் சாப்பிட்டார். தண்ணீர் நிறையக் குடித்தார். நல்லதுதானே.

மார்ச் 17, ஞாயிறு

இந்த வாரம் உப்பை இன்னும் கொஞ்சம் தூக்கிப் போட்டேன். இப்போதுதான் கடைச் சாசேஜ் மாதிரி எடுப்பாக இருக்கிறது. ஒரு துளி கொழுப்பு இல்லாமல்! நாத்தனார் வந்து பார்க்கட்டும்.

மாலை பஸ் நிறுத்தத்தருகே அவரைப் பார்த்தேன். மழை. குடை இல்லை. நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். நனையட்டும்.

மார்ச் 24, ஞாயிறு

இவர் விரலில் மோதிரம் இறுகிவிட்டது. சோப்புப் போட்டுக் கழற்றினோம். காலும் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் வீங்காமல் என்ன செய்யும் என்று திட்டினேன். பாவம், எழுந்து வராந்தாவில் நடந்தார்.

மார்ச் 28, வியாழன்

டாக்டர் இரண்டு முறை பிரஷர் பார்த்தார். மூன்றாவது முறை கையை மாற்றிப் பார்த்தார்.

"கொழுப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா பிரஷர் ஏன் இப்படி ஏறியிருக்கு? கால்ல நீர் வேற கோத்திருக்கு. உப்பு எங்கிருந்து வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"சிப்ஸ் டாக்டர். தெருமுனைக் கடையில வாங்கித் தின்னேன். வீட்டுல தெரியாது."

சிப்ஸாம். ரோட்டைத் தாண்டக்கூட என்னைக் கேட்டுத்தான் போகிறார்! டாக்டர் பத்து நிமிஷம் திட்டினார். சின்னப் பையன் மாதிரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கையெழுத்து இல்லை. இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தேன். முதல் வரி, கொழுப்பு. சிவப்புப் பேனாவால் நானே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவது வரி, உப்பு. அங்கேயேதான் இருக்கிறது, மூன்று மாதமாக.

"கரிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

இவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாக்ஸ் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"அக்கா போட்டதுக்கு அக்காவை வெளிய அனுப்பிட்ட. நீ போட்டதுக்கு உன்னை எங்க அனுப்பறது?"

அரை மணி நேரம் கத்தினேன். டாக்டர் மேல், கறிக்கடைக்காரர் மேல், இவர் மேல். என் மேல்தான். எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 30, சனி

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "அன்னிக்கு நாலு வீடு கேக்கற மாதிரி என்னைத் திட்டின. இன்னிக்கு மட்டும் மெதுவாப் பேசற" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தேன். மாடிப்படியைப் பார்த்துக் கத்தினேன். "உப்பு நான்தான் போட்டேன்! அவர் காலு வீங்கினதுக்கு நான்தான் காரணம்! எங்க அண்ணி இல்ல!"

கீழ் வீட்டில் யாரோ தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். நாத்தனார் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "பைத்தியமாடி உனக்கு" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். கோபத்தில்தான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஒன்றரைக் கிலோ. நாத்தனார் வந்ததும் பையைக் கவிழ்த்து, கையை விரித்துக் காட்டினார். நான் பிசைந்தேன். அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், உப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. அரை ஸ்பூன் அளந்து போட்டுவிட்டு மூடிவிட்டார். இன்னும் ஒரு சிட்டிகை கேட்டேன். காது கேட்காதது மாதிரி இருந்தார்.

இவர் ஒரு துண்டு மென்று பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நேராகவே சொன்னார்: "சகிக்கல."

"சாப்பிடுங்க" என்று நானும் "சாப்பிடுடா" என்று நாத்தனாரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.