வாளிக்குள் கிடக்கும் சென்சார்

அனுப்புநர்:
காலை ஷிப்ட் ஆபரேட்டர்,
கழிவுநீர் மறுசுத்திகரிப்பு நிலையம்.

பெறுநர்:
குடிநீர்த் தரக் கண்காணிப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: கிழிந்த சவ்வின் வழியே ஊருக்குப் போகும் குடிநீரை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து, மெம்பரேன் என்னும் சவ்வில் வடிகட்டிக் குடிநீராக்கும் நிலையத்தில் பதினேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சவ்வு கிழிந்தால் கிருமியும் உப்பும் சேர்ந்தே கசியும்; தண்ணீரில் உப்பு கூடுவதைச் சென்சார் கண்டுபிடித்து அலாரம் அடிக்கும். நிலையம் தானாக நின்றுவிடும்.

2. அந்தச் சென்சாரைக் கழற்றிக் கழுவி, நல்ல தண்ணீர் நிறைந்த வாளியில் போட்ட நான், திரும்பக் குழாயில் பொருத்த மறந்தேன். பிழை என்னுடையது. அது வாளியில் கிடந்த இரண்டு நாளும் பதிவேட்டில் உப்பின் அளவை எட்டு, எட்டு என்றே எழுதினேன். ஓடும் தண்ணீர் ஒருநாளும் ஒரே எண்ணைக் காட்டாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

3. மூன்றாம் நாள் பொருத்தியதும் அலாரம் அலறியது, நிலையம் நின்றது. மேலாளர் ஓடிவந்து, "ஏன்யா ஊரக் கூட்டுற? புது மெம்பரேன் வர்ற வரைக்கும் அது வாளியிலயே கிடக்கட்டும்" என்றார். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா, அம்மா? ஆனாலும் மறுபடி வாளியில் போட்டு நிலையத்தை ஓட்டியது இந்தக் கைதான்.

4. ஷிப்ட் மாறும்போது கடைசிக் குழாயில் ஆளுக்கொரு டம்ளர் பிடித்துக் குடிப்பது எங்கள் வழக்கம். அன்று முதல் மேலாளரின் டம்ளர் கவிழ்ந்தே இருக்கிறது. நாங்கள் குடிக்கிறோம், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

5. என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. நான் கேன் தண்ணீர் வாங்கி வைத்தால் சிரிப்பாள். "எங்கப்பா கண்ணு முன்னால வடிகட்டுன தண்ணி, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று பக்கத்து வீட்டிலும் பெருமை பேசியிருக்கிறாள். நேற்று அந்த வீட்டில் இரண்டு பேருக்கு வாந்தி. இன்று காலை இவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

6. இம்மனுவைக் கொடுத்த கையோடு போய்ச் சென்சாரைக் குழாயில் பொருத்திவிடுவேன். நிலையம் நிற்கும், ஊர் முழுக்கக் குழாய் வறளும், தங்களுக்குப் போன் மேல் போன் வரும். எவர் சொன்னாலும் மறுபடி ஓட்ட உத்தரவிட வேண்டாம். குடித்தவர்களைப் பரிசோதிக்க ஆட்களை அனுப்புங்கள். எனக்குரிய தண்டனையைப் பிறகு தாருங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

7. தங்கள் அலுவலகத்துக்கும் எங்கள் தொட்டியிலிருந்தே தண்ணீர் வருகிறது. மேசையில் இருக்கும் டம்ளரைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

இடம்: மருத்துவமனை வராந்தா
தேதி: சென்சார் வாளிக்குள் போன பன்னிரண்டாம் நாள்

இப்படிக்கு,
அதை அங்கே போட்டவன்
(காலை ஷிப்ட் ஆபரேட்டர்)