சிவப்புப் பொட்டைத் தாண்டாத சத்தம்

மச்சான்,

நகப்பாலிஷ் வாசனைக்குச் செத்துப்போன ஓர் ஆம்பளையின் ஞாபகம் வரும் என்று யாராவது சொன்னால் நீங்களே சிரித்திருப்பீர்கள். எனக்கு வருகிறது. இன்று மத்தியானம் உங்கள் மகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரல்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு தேனிக்கு வந்திருக்கிறாள். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் உங்கள் சிடி பிளேயர் இருந்தது. சத்தம் கூட்டுகிற சின்னச் சக்கரத்தின் மேல் அந்தச் சிவப்புப் பொட்டு இன்னும் அழியவில்லை. பக்கத்தில், நசுங்கிய தகர டப்பாவில், வெள்ளி நிற இயர்போன் ஜோடியும் இருந்தது.

உங்கள் ஊர் ஓடைப்பட்டியில் உங்களைப் பற்றி இன்று என்ன பேசுகிறார்கள் தெரியுமா? சதா காதில் அந்தக் குமிழை மாட்டி, பாட்டை அலறவிட்டு, காது செவிடாகி, லாரி வருவது தெரியாமல் செத்தார் என்கிறார்கள். செல்போனும் ஒயருமாக அலைகிற பையன்களை மிரட்டுவதற்கு உங்கள் பெயரைத்தான் எடுக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எவன் செவிட்டிலாவது ஓங்கி ஒன்று விடலாம் போல எனக்குக் கை துடிக்கும். விட முடியாது. அந்தப் பேச்சைக் கிளப்பியவனே நான்தான்.

சத்தம் என்றாலே உங்களுக்கு ஆகாது. அக்கா கழுத்தில் தாலி கட்டிய கையோடு மணமேடையை விட்டு இறங்கிப் போய், பந்தலில் அலறிக்கொண்டிருந்த குழாய் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தவர் நீங்கள். மைக்செட்காரர் எதிர்த்துப் பேசினார். அவரைச் சட்டையோடு தூக்கி வாசல் வாழைமரத்தில் சாத்தினீர்கள். மரம் முறிந்தது. மாப்பிள்ளைக்குப் பைத்தியமா என்று எங்கள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். கழுத்தில் மாலை தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு, "இது பாட்டு இல்ல, பாட்டக் கீழ போட்டு மிதிக்கிறது" என்றீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் நீங்கள் மாறவில்லை. டீக்கடை ரேடியோ கரகரத்தால் பெஞ்சு பறக்கும். குழம்பில் உப்புக் கூடினால் தட்டு பறக்கும். அக்கா மேல் மட்டும் கை பட்டதில்லை. பட்டிருந்தால் நம் உறவு வேறு மாதிரி முடிந்திருக்கும், அது உங்களுக்கும் தெரியும்.

நான் அப்போது சிங்கப்பூரில் ஒலிக்கருவிகள் விற்கிற கடை ஒன்றில் வேலை பார்த்தேன். முதல் விடுமுறையில் உங்களுக்குக் கருப்பு ஜோடியைக் கொண்டுவந்தேன். ரப்பர் மொட்டைக் காதுத் துளைக்குள் நுழைத்து மாட்டுகிற இயர்போன். அந்த மாதிரியில் ஒன்றை நம் பக்கம் யாரும் பார்த்திராத காலம். விலை தெரிந்தால் அக்கா இரண்டு பேரையும் விளக்குமாற்றால் அடிப்பாள் என்று, கடையில் சும்மா கொடுத்தது என்று சொல்லிவைத்தோம். திராட்சைப் பந்தலுக்கு அடியில் உரச்சாக்கைப் போட்டு உட்கார்ந்து நீங்கள் அதை மாட்டினீர்கள். கேட்டது ஒரு கச்சேரி சிடி. நாகஸ்வரம் இடது காதிலும் தவில் வலது காதிலும் வருகிற மாதிரி பதிவு செய்தது. நாகஸ்வரக்காரர் ஊதுவதற்கு முன்னால் மூச்சை இழுத்தார் பாருங்கள், பின்னால் யாரோ வந்து நிற்கிற மாதிரி நீங்கள் திடுக்கிட்டுத் திரும்பினீர்கள்.

மறுநாள் வந்து பார்த்தபோது சக்கரத்தில் பொட்டு இருந்தது, பாதிக்கும் கீழே. அக்காவின் நகப்பாலிஷ். "இதத் தாண்டிக் கேக்குறவனுக்குக் காது எதுக்கு?" என்றீர்கள்.

அடுத்த விடுமுறைக்கு வெள்ளி ஜோடியோடு வந்தேன். ஒவ்வொரு காதுக்கும் உள்ளே மூன்று பொடி ஒலிப்பான்கள். அடி ஒலிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, உச்சத்துக்கு ஒன்று. ஒயர் காது மடலுக்கு மேலே ஏறி வளைந்து இறங்கும். இடது காதுக்கென்று வார்த்தது வலது காதில் உட்காரவே உட்காராது. கருப்பு அப்படியில்லை. நேரான குழல் மாதிரி இருக்கும், எதை எந்தக் காதிலும் செருகலாம். இந்த வித்தியாசம்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தது.

அந்தத் தடவை உங்கள் வலது காதுக்குப் பின்னால் புதிதாக ஒரு தழும்பு இருந்தது. உங்களுக்கும் உங்கள் பெரியப்பா மகனுக்கும் பொதுவான பங்குக் கிணற்றில், படி வழுக்கி விழுந்ததாக வீட்டில் சொல்லியிருந்தீர்கள். நானும் நம்பினேன்.

ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தோம். ஒரே சிடி, ஒரே கீர்த்தனை. வெள்ளி இயல்பிலேயே கொஞ்சம் சத்தம் கூடுதலாகத் தரும் என்பதால் அதற்கு மட்டும் பொட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தச் சொன்னீர்கள். சத்தம் கூடின ஜோடி நல்ல ஜோடி மாதிரி ஏமாற்றும் என்பது உங்கள் எச்சரிக்கை. முதலில் நான் கேட்டேன். கருப்பில் தவில் வயிற்றுக்குள் இறங்கியது. ஆனால் குச்சி விழுவதும் விரல் விழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, தாளம் மழுங்கிக் கிடந்தது. வெள்ளியில் ஒவ்வோர் அடியும் தனித்தனி. தோல் அதிர்ந்து அடங்குவதுகூடத் தெரிந்தது. நாகஸ்வரம் உச்சத்துக்குப் போகையில் கருப்பு இதமாக இருக்கும், வெள்ளி லேசாகக் கீறும். அது ஒன்றுதான் குறை. நான் வெள்ளி பக்கம் நின்றேன்.

நீங்கள் வெள்ளியை மாட்டி, கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, பாதியிலேயே பிடுங்கினீர்கள். "தவிலு செத்துக் கெடக்கு மாப்ள" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஜோடியின் உயிரே தவிலில்தான் இருக்கிறது. நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு கருப்பை மாட்டினீர்கள். காதருகே விரல்கள் எதையோ மாற்றிச் செருகின. தலை ஆடியது. இதில் தவில் பேசுகிறது என்றீர்கள். அதை விற்கிற கடையில் நாள் முழுக்க நிற்கிறவன் நான், எனக்கு வாய் சும்மா இருக்குமா? "காதுல என்ன பஞ்சா வச்சு அடச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டேன்.

வெள்ளியின் தகர டப்பா பந்தல் கல்தூணில் மோதி நசுங்கியது. அடுத்து நான் மோதினேன். என் கழுத்துச் சட்டை உங்கள் கையில், பின்மண்டையில் ரத்தம் சூடாக இறங்கியது. நானும் சும்மா இல்லை, உங்கள் உதட்டைக் கிழித்தேன். கட்டிப் புரள்கையில் உங்கள் இடது காது என் கண்ணுக்கு நேரே வந்தது. அதிலிருந்த கருப்பு மொட்டில், வலது காதுக்கு என்று அடையாளம் போட்ட சிவப்பு வளையம். தவில் வருகிற மொட்டை இடது காதுக்கு மாற்றியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மொட்டுகளையும் பிடுங்கினேன். இடது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தி, வலது காதுக்குள் வாயை வைத்து, எந்த ஆம்பளையும் பொறுத்துக்கொள்ளாத ஒரு கெட்ட வார்த்தையால் உங்கள் பிறப்பைத் திட்டினேன். உங்களுக்குக் கோபம் வரவில்லை. உங்களுக்குக் கேட்கவில்லை.

பிடி தளர்ந்து நீங்கள் மண்ணில் உட்கார்ந்தீர்கள். கிணற்றில் வழுக்கி விழவில்லை என்றீர்கள். தண்ணீர் முறைத் தகராறில் பெரியப்பா மகன் பின்னாலிருந்து மம்பட்டிக் காம்பால் போட்டிருக்கிறான். அன்றோடு அந்தக் காது போய்விட்டது. நான் பந்தல் ஓரத்தில் கிடந்த அருவாளைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். எழுவதற்குள் உங்கள் முழங்கால் என் நெஞ்சில் இருந்தது.

"ஏலே, ஒரு காதுக்கு எத்தன தல வேணும் ஒனக்கு? எந்தம்பி காதுக்குப் போச்சுன்னா அவன வெட்டிருவான். அப்பறம் அவிங்க எந்தம்பிய வெட்டுவாய்ங்க. எம்மக மேல சத்தியம் பண்ணு. நான் செத்தாலும் நீ வாயத் தெறக்கக் கூடாது."

சத்தியம் பண்ணிய பிறகுதான் முழங்காலை எடுத்தீர்கள். உங்கள் தம்பி ஏற்கெனவே ஒரு வெட்டு வழக்கில் உள்ளே போய்விட்டு வந்தவன், நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. உப்புக்காகத் தட்டை எறிகிற மனிதர் இந்த அடியை மட்டும் விழுங்கிக்கொண்டு, தினமும் அதே கிணற்றடியில் அவன் முகத்தைப் பார்த்து நின்றிருக்கிறீர்கள். அன்று நான் புறப்படும்போது வெள்ளி ஜோடியைத் துடைத்து என் கையில் கொடுத்தீர்கள். "ரெண்டு காது உள்ளவனுக்குத்தான் இது. நீயே வச்சுக்க. கருப்பெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது, தெரியும்டா" என்றீர்கள். அந்தத் தீர்ப்பை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கடுத்த விடுமுறையில் நான் ஊரில் இருந்தபோதே அது நடந்தது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் நீங்கள் வண்டியை வலப்பக்கம் திருப்பினீர்கள். முந்திப் போக வந்த லாரி வலப்பக்கத்திலிருந்து ஏறியது. ஆஸ்பத்திரியில் உங்களை மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். ஹாரனை அடித்துக்கொண்டே வந்தேன், அந்த ஆள் திரும்பியே பார்க்கவில்லை என்று லாரி டிரைவர் போலீசில் அழுதிருக்கிறான்.

உங்கள் தம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டான். வாசலில் உங்களைக் கிடத்தியிருக்க, தோளில் கிடந்த துண்டுக்குள் அருவாளோடு நின்றான்.

"எங்கண்ணனுக்கு நாலு தெரு தள்ளிச் சுருதி பிசகினாக் கேக்கும். லாரி ஹாரன் கேக்கலயாம்? ஹாரனே அடிக்கல. லாரிய ஏவி விட்டவன் இங்கனதான் நிக்கிறான்."

நின்றான்தான். பங்காளி தோள் கொடுக்காமல் பாடை எழும்பாதே, உங்கள் பெரியப்பா மகன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உங்கள் தலைமாட்டில் நின்றான். உங்கள் காதை உடைத்த கை பாடைக் கம்பைப் பிடித்திருந்தது. எனக்கு அவன் மேல் இருந்த வெறி உங்கள் தம்பிக்கு இருந்ததைவிடக் குறைவில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், தலை அங்கேயே உருண்டிருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றாலும் உருண்டிருக்கும், செய்யாத கொலைக்காக. தம்பி ஓரடி முன்னால் வைத்தான். உங்கள் முழங்கால் இன்னும் என் நெஞ்சில் இருந்தது மச்சான்.

குறுக்கே போய் நின்று, "மச்சானுக்கு வலது காது கேக்காது" என்றேன். எப்படிப் போனது என்று தம்பி கேட்டான். என் கண் சன்னல் மாடத்தில் கிடந்த கருப்பு ஜோடி மேல் போனது. "அந்தச் சனியன மாட்டி மாட்டித்தான். அம்புட்டுச் சத்தமா வச்சுக் கேப்பாக. காது நரம்பு செத்துப்போச்சு. நானே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன்."

எந்த டாக்டரும் இல்லை. ஆனால் அக்கா தலையைத் தூக்கினாள். "ஆமா. கொஞ்ச நாளா அந்தப் பக்கமிருந்து கூப்ட்டாத் திரும்ப மாட்டாக. கோவத்துல இருக்காகன்னு நெனச்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எழுந்து ஓடி, கருப்பு ஜோடியை அம்மியில் போட்டுக் குழவியால் இடித்தாள். ரப்பர் மொட்டு தெறித்து உங்கள் காலடியில் விழுந்தது. தம்பி அருவாளை உருவினான். கொல்லையில் நின்ற முருங்கையை வெட்டினான், மரம் சாய்ந்த பிறகும் வெட்டினான், கை ஓய்ந்து அப்படியே உட்கார்ந்து அழுதான். தலைமாட்டில் நின்றவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் தோளில்தான் நீங்கள் சுடுகாட்டுக்குப் போனீர்கள். நான் வீட்டுக்குள் போய் சிடி பிளேயரை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பொட்டை யாராவது பார்த்தால் என் பொய் நிற்காது.

இன்று அந்தக் கிணற்றில் உங்கள் தம்பியும் பெரியப்பா மகனும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பெரியப்பா மகன் எதிரில் வந்தால் நான் தெரு மாறிப் போகிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் நீங்களும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். இரண்டு தலைகள் கழுத்தில் இருக்கின்றன. அதற்கு உங்கள் பெயர்தான் கெட்டது. சில நாள் அந்த சிடியை வெள்ளியில் போட்டு, வலது மொட்டைக் கழற்றிவிட்டுக் கேட்பேன். நாகஸ்வரம் மட்டும் துணையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். உங்களுக்குக் கேட்டது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று மத்தியானம் பீரோவை மூடுவதற்குள் உங்கள் மகள் பின்னால் வந்து நின்றுவிட்டாள். ஈர விரல்களை விரித்தபடி பிளேயரைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இந்தப் பொட்டு நான் வச்சது மாமா. அப்பாதான் வைக்கச் சொன்னாக. இதத் தாண்டிச் சத்தம் வச்சா அப்பாவ அடின்னு சொன்னாக. ஒரு நாள்கூட அப்பா தாண்டல." ஈர நகங்களை ஊதினாள். பிறகு கேட்டாள். "அப்பறம் எப்பிடி மாமா காது போச்சு?"

உங்கள் கண்தான் அவளுக்கு. அதைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பொட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீ பாக்காதப்ப தாண்டுவாருத்தா."

அவள் என்னிடமிருந்து பிளேயரை வாங்கி, சக்கரத்தைத் திருப்பி, பொட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். என் கையில் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.