குரக்கனை மறந்தவனுக்கு

தம்பிக்கு,

உன் மகன் என்ஜினியராகிவிட்டான். இளையவள் பல் டொக்டர். மூத்தவள் சாம்பவி கென்யாவில் மண்ணைக் கிண்டி, அந்தக் காலத்துச் சனம் பஞ்சத்தில் எதைத் தின்று பிழைத்தது என்று ஆராய்கிறாள். மூவரும் என் பேரப்பிள்ளைகள்.

புவாண்ட்-கிளேரில் நீ வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரலன்று, குடும்பப் படம் எடுக்கையில், "கரி பொறுக்கிறவையள் படத்துக்குத் தேவையில்லை, தள்ளி நில்" என்று அத்தனை பேருக்கு முன்னால் சாம்பவியை விலக்கினாய்.

அவள் மண்ணுக்குள் பொறுக்கிய கரி, அந்தக் காலத்தில் கருகிய குரக்கன்; கேழ்வரகு என்பார்களே, அதுதான். குரக்கனுக்குப் பிறந்த ஊரே ஆப்பிரிக்காதானாம். இடம்பெயர்ந்து வன்னியில் கிடந்தபோது உன் உயிரைப் பிடித்து வைத்தது குரக்கன் கூழ். இப்போது அதைச் சொல்ல வெட்கமா?

அவள் இல்லாமல் எடுத்து நீ அனுப்பிய படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவளை நடுவில் நிறுத்திப் புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு. அதுவரை பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுப் பக்கம் வராதே.

உனக்குக் கூழ் ஊட்டிய அம்மா