நீ இன்னும் பலகையைத் தட்டவில்லை

மிங்கலா தாங்ஞுன்ட்,
யாங்கூன்.
நவம்பர் 19

அன்புள்ள மகன் கிளாட்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவும் சுகம் என்றுதான் அடுத்த வரியில் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை என் போனிலிருந்து உனக்குப் பர்மிய மொழியில் ஒரு செய்தி வந்தது அல்லவா, அப்பாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், டிசம்பர் பன்னிரண்டு வரை காத்திருக்காதே, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டு வா என்று. அதை அடித்தது என் விரல்தான், ஆனால் வார்டு ஆபீஸ் எழுத்தர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பரீட்சை முடிந்ததும் மூன்றாம் தேதியே கிளம்புகிறேன் என்று நீ போட்ட பதிலையும் அவர்தான் முதலில் படித்தார், படித்துவிட்டுத் தலையாட்டினார். தம்பி, அந்தச் செய்தி பொய். நீ வரக் கூடாது. மூன்றாம் தேதியும் வரக் கூடாது, பன்னிரண்டாம் தேதியும் வரக் கூடாது. போனை அவர்கள் நினைத்த நேரத்தில் வாங்கிப் பார்க்கிறார்கள், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், அதுவும் தமிழில், அது அவர்கள் யாருக்கும் தெரியாது. பபேடானில் நான் ரவிக்கை வெட்டிக் கொடுக்கிற தையல்கடை லத்தீபா அக்கா தன் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷனுக்காக நாளை மறுநாள் பாங்காக் போகிறார். அளவுக் காகிதங்களுக்கு நடுவில் இதை மடித்து வைத்துக்கொண்டு போய், இறங்கியதும் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறார். பாட்டுப் புத்தகத்தைத் தமிழில் வாசிக்கத் தெரியாதவனை நம் கோயில் ஆர்கன் முன்னால் உட்கார விடமாட்டேன் என்று உன் அப்பா ஒற்றைக்காலில் நின்றபோது நீயும் நானும் சேர்ந்துதான் அவரைத் திட்டினோம், இன்றைக்கு அதுதான் கைகொடுக்கிறது.

இந்த வினை எங்கிருந்து வந்தது என்றால் உன் அப்பாவின் ஸ்தோத்திர காணிக்கையிலிருந்து வந்தது. நீ அமெரிக்கா போன இரண்டு வருடமாக வார்டில் யார் கேட்டாலும் பையன் போனவன் போனவன்தான், திரும்பி வருகிற எண்ணமே இல்லை என்று சொல்லிச் சொல்லி, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற சீட்டுக் குலுக்கலில் உன் பெயர் விழாமல் காப்பாற்றி வைத்திருந்தோம். நீ கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், நம் சபையில் ஆராதனைக்கு வாசிக்கிறேன் என்று எழுதினதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் எல்லோரும் காரியம் நடந்த பிறகு காணிக்கை கொடுப்பார்கள், இவர் நடப்பதற்கு முன்னாலேயே கொடுக்கப் புறப்பட்டார். பையன் வந்து சேரட்டுமே, அப்புறம் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். முன்னாடியே நன்றி சொல்றதுதாண்டி விசுவாசம் என்றார். காணிக்கை உறையின் மேல் வெறுமனே மகனுக்காக என்று எழுதியிருக்கலாம். அழகான கையெழுத்தில், ஆங் மின் என்கிற கிளாட்வின் டிசம்பர் 12 அன்று பத்திரமாக வீடு வந்து சேரப்போவதற்காக என்று இரண்டு பெயரையும் எழுதினார். ஏன் இரண்டும் என்று கேட்டதற்கு, இப்போதைய பிள்ளைகளுக்கு உன்னை ஆங் மின் என்றால்தானே தெரியும், அவர்களும் சந்தோஷப்படட்டும் என்றார். பிறந்தநாள், கல்யாண நாள், மூட்டுவலி குறைந்தது என்று வரிசையாக வாசித்துவந்த போதகர் ஐயா அதையும் வாசித்தார், சபையே திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தது, உன் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக வாலிபர் சங்கத்தில் அந்தப் பட்டியலைப் பர்மியத்தில் அடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள், ஒவ்வொரு வாரமும் போடுகிறதுதான், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மூன்றாம் நாள் எழுத்தர் வந்து வரப்போகிறவன் பெயரை வீட்டுப் பட்டியலில் சரிபார்த்துக்கொண்டு போனார். அந்த மாதக் குலுக்கலில் உன் பெயர் வந்தது. நிஜமாகவே வந்ததா, வரவழைத்தார்களா என்று கேட்க நமக்கு ஏது வாய்.

ஆள் இங்கே இல்லை என்றதும், வரும்வரை நீ இரு என்று சொல்லி அப்பாவைக் கூட்டிப்போய் வைத்திருக்கிறார்கள். இன்றோடு பதினோரு நாள். ஆபீஸுக்குப் பின்னால் சாமான் போடுகிற அறை, அவரோடு இன்னும் நான்கு பேர், எல்லாம் பிள்ளைகளுக்குப் பதிலாக வந்த தகப்பன்மார். அடிக்கவில்லை என்று சொல்கிறார், கையில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, அறுபத்துமூன்று வயதில் சிமெண்டுத் தரையில் படுத்தால் வேறு என்ன ஆகும். டிசம்பர் பதினைந்துக்குள் நீ வரவில்லை என்றால் வழக்குப் போட்டு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். அவர் எப்போது திரும்பி வருவார், வருவாரா என்பதே எனக்குத் தெரியாது, உன்னிடம் மூடி மறைக்க நான் தயாரில்லை. இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். அந்தச் செய்தியை அடிக்கும்போது என் மனசில் பாதி, நீ வந்துவிட மாட்டாயா, இவர் வெளியே வந்துவிட மாட்டாரா என்றுதான் இருந்தது. நீ வந்தால் உன்னை நான் பார்க்கப்போவது விமான நிலையத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து நிமிடம், அங்கிருந்தே கூட்டிப்போய்விடுவார்கள், சண்டைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்திலிருந்து போன மாதம் நம் தெருவுக்கு இரண்டு பையன்களின் செருப்பும் இடுப்பில் கட்டின லொஞ்சியும்தான் திரும்பி வந்தன. அது தெரிந்தும் அடித்தேன். பெற்றவள் அப்படி நினைத்தாள் என்று நீ தெரிந்துகொள், என்னை மன்னித்துக்கொள்.

உன் படிப்பைப் பற்றி நீ எழுதின பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துவைத்துத் திரும்பப் படிக்கிறேன். நம் கோயிலில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தானே உள்ளே போவோம், அதனால் நீ ஆர்கனின் கால்கட்டைகளை வெறுங்கால் பெருவிரலாலேயே மிதித்துப் பழகிவிட்டாய், அங்கே முதல் நாள் உன் டீச்சரம்மா உன் காலைப் பார்த்துவிட்டு, உனக்குக் குதிகால் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். மெல்லிய தோல் போட்ட ஆர்கன் சப்பாத்து வாங்கி, ஆறு மாதம் குழந்தை நடை பழகுகிற மாதிரிப் பழகினாய் என்றும், நாலு அடுக்குக் கைக்கட்டை இருக்கிற ஆர்கனில் இப்போது தினமும் ஐந்து மணி நேரம் உட்காருகிறாய் என்றும், வசந்தத்தில் மூன்றாம் வருடத்துக் கச்சேரி தனியாக ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீன் கடைக்காரரிடம்கூடக் காட்டினார். அவர் ஆர்கன் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை, ஆர்கனுக்குப் பின்னால் நின்று துருத்திக் கைப்பிடியை இழுத்தவர். காற்றடிக்கிற மோட்டார் கரண்ட் இருந்தால் ஓடும், கரண்ட் நம் ஊரில் எப்போது இருந்தது. நீ எட்டு வயதில் உட்கார்ந்த நாள் முதல் உனக்குக் காற்று கொடுத்தது அவர் கைதான். நடுவில் பலகைச் சுவர் இருக்கிறது, அவரால் உன்னைப் பார்க்க முடியாது, உன்னால் அவரைப் பார்க்க முடியாது. வாசித்து முடித்தால் குதிகாலால் கீழ்ப்பலகையை இரண்டு தடவை தட்ட வேண்டும், அந்தச் சத்தம் கேட்டால்தான் அவர் நிறுத்துவார், நடுவில் நிறுத்தினால் பாட்டு மூச்சடைத்து அசிங்கமாகச் சாகும் என்பார். ஒரு நாள் நீ தட்ட மறந்து மொஹிங்கா சாப்பிடப் போய்விட்டாய். நான் சாவி கொடுக்கப் போனபோது, காலி நாற்காலிக்குப் பின்னால் மனிதர் வியர்வை ஒழுக இழுத்துக்கொண்டிருக்கிறார். சத்தமே இல்லையே, நிறுத்தக் கூடாதா என்றேன். அவன் தட்டலையே என்றார். பதினைந்து நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். இந்தப் படம் கிடைத்ததும் என் போனுக்குப் பர்மியத்தில் பதில் போடு. பரிதாபமாகப் போடாதே, கெஞ்சாதே, அப்படிப் போட்டால் அப்பாவைப் பிடித்துவைத்தால் பலன் இருக்கிறது என்று நினைப்பார்கள். என்னை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள், எனக்கு அங்கே யாரும் இல்லை, அந்த வீட்டுக்கும் எனக்கும் தொடர்பு முடிந்தது என்று போடு. எழுத்தர் முன்னால் நான் அழுவேன், அதை நான் நடிக்க வேண்டியிருக்காது. அடுத்த வாரம் நானும் பேப்பரில் அறிவிப்புக் கொடுக்கிறேன், இங்கே எத்தனையோ பெற்றோர் கொடுக்கிறார்கள், பெற்றோர் மனம் நோக நடந்ததால் ஆங் மின் இன்று முதல் எங்கள் மகன் அல்ல, அவன் காரியங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று. யாராவது அதை உனக்கு அனுப்பிவைப்பார்கள். பார்த்துக் கலங்காதே. அதில் உன் பர்மியப் பெயர் மட்டும்தான் இருக்கும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை நான் அதில் போட மாட்டேன். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒட்டில்லை என்று ஆகிவிட்டால் கிழவரை வைத்துச் சோறு போடுவானேன் என்று விடலாம், விடாமலும் போகலாம். இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நேற்று சோறு கொண்டுபோனேன். பர்மியத்தில்தான் பேச வேண்டும் என்று எழுத்தர் நடுவில் நிற்பார், அதனால் கறியில் உப்புச் சரியா, மாத்திரை போட்டீர்களா என்பதற்கு மேல் பேச்சு ஓடாது. சாப்பிடுவதற்கு முன் ஜெபம் பண்ணிக்கொள்ளட்டுமா என்று அப்பா கேட்டார், பண்ணு என்று எழுத்தர் விட்டுவிட்டார். சோற்றுக்கு மேலே கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் போல அதே இழுவையில், தமிழில் சொன்னார். ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக நன்றி. பையன் இன்னும் பலகையைத் தட்டலை. அவன் தட்டுற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்னு அவனுக்குச் சொல்லிடும். பாதியில எழுந்திரிச்சு வர வேண்டாம்னு சொல்லிடும். ஆமென் என்றார். நானும் ஆமென் என்றேன். எழுத்தரும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார்.

அதனால் நீ தட்டாதே ராசா. வாசி. உன்னைப் பெற்ற எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன் கையிலும் காலிலும் இருக்கட்டும், நீ போகும் இடமெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னால் போகட்டும். குளிரில் தலைக்குக் குல்லாய் போட்டுக்கொள். படித்து முடித்ததும் இந்தப் படத்தை அழித்துவிடு. பதில் போட மறக்காதே, நான் சொன்ன மாதிரியே கடுமையாகப் போடு, அம்மா என்று ஒரு தடவைகூட எழுதிவிடாதே.

இப்படிக்கு,
என்றும் உன் அம்மா,
ரோஸ்லின் ஜெபதாஸ்