சாரங் வாங்கலாமா என்று நீ கேட்டாய்

சமையலறையில் என் மனைவி இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்கிறது. அவள் உலக்கையாக வைத்திருப்பது ஒரு சாண் நீளமுள்ள எஃகுத் தண்டு. ஒரு முனையில் பல் பல்லாக வெட்டியிருக்கும். போன வருஷ மழைக்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்கு முன் பதின்மூன்று வருஷம் உன் மோட்டார் சைக்கிளுக்குள் இருந்தது. கிக்கர் ஷாஃப்ட். உதைத்துக் கிளப்புகிற மிதியை இதில்தான் மாட்டியிருப்பார்கள். இதை வைத்தா இஞ்சி தட்டுகிறீர்கள் என்று நீ கேட்டிருப்பாய். கேட்டுவிட்டு இரண்டாவது டம்ளர் டீயும் வாங்கிக் குடித்திருப்பாய்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கீழ்வீட்டு ஜோஷி ஒரு விளம்பரத் தாளோடு மேலே வந்தார். இப்போது ஆளாளுக்கு ஜப்பான்காரனோடு கூட்டுச் சேர்ந்து மோட்டார் சைக்கிள் விடுகிறார்களே, அதில் ஒன்று. நான் கேள்விப்படாத பேர். பெரிய கம்பெனி வண்டியைவிட விலை நன்றாகவே குறைவு. “ஆப் தோ லைன் கே ஆத்மி ஹைன், இந்தத் தொழிலிலேயே இருக்கிறவர், நீங்களே சொல்லுங்கள், வாங்கலாமா?” என்றார். பூனாவின் சிஞ்ச்வட்டில் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் நான் பரிசோதகன் என்பது இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நான் பழைய ஆளாக இருந்தால் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்திருப்பேன்.

நீ கேட்டபோது அப்படித்தானே சொன்னேன். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். கட்கியில் உன் வீட்டு முன்னறை. உன் தாத்தா ராணுவத்தோடு திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மூன்று தலைமுறை ஆகியும் உங்கள் வீட்டுப் பேச்சில் அந்த ஊர் இருந்தது. நடுவில் இந்தியும் மராத்தியும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் திருச்சியிலிருந்து வந்து, தமிழ் காதில் விழுகிறதே என்று ரயில் நிலையத்தில் உன் பக்கத்தில் நின்றவன். அப்படிப் பிடித்ததுதான் நம் பழக்கம்.

நீ கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். உன் மனைவி கிரேஸ் ஹடப்சரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், தற்காலிக வேலை. காலை ஏழு மணிக்கு டூட்டி. கட்கியிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், முதல் பஸ் பிந்தினால் இரண்டாவதும் போய்விடும். அந்த வருஷம் நிரந்தரம் ஆக்குகிறவர்கள் பட்டியலில் அவள் பேர் இருந்தது. இனிமேல் தாமதமாக வந்தால் பேரை மேலே அனுப்பமாட்டேன் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். கல்யாணமான வாரத்தில் நீ பதிந்துவைத்த ஸ்கூட்டருக்கு இன்னும் முறை வரவில்லை. இந்த ஊரிலேயே செய்கிற வண்டிக்கு இந்த ஊர்க்காரனே வருஷக் கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது.

“சாரங்னு ஒரு புது கம்பெனிலே. புக்கிங்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போனா அன்னைக்கே ஓட்டிட்டு வரலாமாம். நீதான் அந்த லைன்ல இருக்கியே, சொல்லு. வாங்கலாமா?” என்றாய்.

எனக்கு அன்றைக்கு எவ்வளவு குஷி. சாரங் கம்பெனிக்குக் கிக்கர் ஷாஃப்ட் செய்துகொடுத்ததே எங்கள் பட்டறைதான். பரிசோதித்து அனுப்பியவனே நான்தான். என் மேஜையில் இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றுக்குள் தண்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இன்னொன்றுக்குள் நுழையவே கூடாது. அதில் தேறிய சரக்கையும் அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு கீறலைக் காட்டி இரண்டு முறை பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். “இவ்வளவு கறாரா இருக்கிற கம்பெனிடா. உள்ளே இருக்கிற ஒரு தண்டுக்கே இப்படின்னா வண்டி எப்படி இருக்கும்? கண்ணை மூடிக்கிட்டு வாங்கு” என்றேன். சோற்றுப் பானைக்கு ஒரு பருக்கை போதும், மோட்டார் சைக்கிளுக்குப் போதாது என்பது எனக்குத் தோன்றவில்லை. பட்டறைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வெளி ஆளாக இருந்தால் நாலு பேரை விசாரித்திருப்பான்.

வாங்கினாய். பச்சை நிறம், டாங்கில் மான் தலை. முதல் மூன்று மாதம் கிரேஸ் ஆறே முக்காலுக்கே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். எங்கள் வீட்டில் உனக்கு நான்தான் வண்டி வாங்கிக்கொடுத்ததுபோல ஒரு பேச்சு. நானும் மறுக்கவில்லை.

பிறகு மழை வந்தது. அதற்குப் பின் நடந்தவற்றில் பாதி எனக்குத் தாமதமாகத் தெரியவந்ததுதான். ஈரம் பட்டால் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் செத்துவிடும். கிளட்ச் தகடு ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். கேம்பில் வண்டியை விற்ற கடைக்கு ஒருநாள் போனால் போர்டு மாறியிருந்தது, அதே ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்து தையல் மிஷின் விற்றுக்கொண்டிருந்தார். சாரங்கா, அது மூடியாயிற்றே என்று மராத்தியில் சொல்லி உனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். இதை நீ எனக்குச் சொன்னபோது தையல் மிஷின் வரைக்கும் சிரித்துக்கொண்டே சொன்னாய். கம்பெனி மூடியதை நான்தான் சிரிப்புக்கு நடுவில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் பூனாவில் சாரங் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சாதி சனம் மாதிரி ஆகிவிட்டீர்கள். எதிரே இன்னொரு மான் தலை வந்தால் நடுரோடு என்றாலும் நிறுத்துவது. பேர்கூடக் கேட்பதில்லை. எந்த வண்டியின் எது இதற்குப் பொருந்தும் என்பதுதான் முதல் பேச்சு. எந்த ஸ்கூட்டரின் கிளட்ச் தகட்டை ஓரம் ராவினால் உட்காரும், எந்த மொபெட்டின் காயிலை இரண்டு துளை போட்டால் மாட்டலாம், எல்லாம் உன் சட்டைப்பை டயரியில் ஏறியது. பரீட்சை மார்க் எழுதுகிற அதே சின்ன எழுத்து. கோந்த்வா பக்கம் ஒரு சாரங் ஓடுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு நீ தேடிப்போனது எனக்குத் தெரியும்.

நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். “வண்டி எப்படிடா?” “நல்லா ஓடுதுலே.” அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனக்கும் அது போதுமாக இருந்தது.

என் மச்சினன் ரகு வந்து அதைக் கெடுத்தான். அவனுக்கு யாரோ ஒரு சாரங்கைச் சல்லிசாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். நான் உன்னிடம் அனுப்பினேன், நீ நல்லபடியாகச் சொல்வாய் என்றுதான். அவன் திரும்பி வந்து, “அத்தான், அவர் வேண்டவே வேண்டாம்னுட்டார்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த லோகல் ரயிலைப் பிடித்துக் கட்கிக்கு வந்தேன். நீ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே உட்காரச் சொன்னாய்.

“எங்கிட்ட நல்லா ஓடுதுன்னு சொல்ற. அவன்கிட்ட வேண்டாம்னு சொல்ற. என்னடா இது ரெட்டை நாக்கு?” என்றேன்.

“ஏம்லே கோவப்படுத? நீ கேட்டது வண்டி எப்படின்னு. ஓடுது, ஓடுதுன்னேன். அவன் கேட்டது வாங்கலாமான்னு. வேண்டாம்னேன். ரெண்டும் வேற வேற கேள்விலா?”

பையன்களிடம் நீ சொல்வது ஞாபகம் வந்தது. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்கடே என்பாய். “வாங்கலாமான்னு நான் கேட்டிருந்தா?” என்றேன்.

“நீ எதுக்குக் கேக்கப்போற? நீதானே சொன்னவன்” என்று சிவப்புப் பேனாவை மூடிவைத்தாய்.

அப்போதுதான் கிரேஸ் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. “அண்ணே, மழைக்காலத்துல நாலு நாளு வண்டி நடுவழியில நின்னுட்டு. மெமோ குடுத்தாங்க. லிஸ்ட்டுல எம்பேரு போகல. ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இவுக சொல்லிட்டாக.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாய். “டீ குடிலே, ஆறிப்போகுது” என்றாய்.

எனக்கு அவமானமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை. தப்பு என்மேல்தான் என்று அன்றே சொல்லியிருக்கலாம், நாலு வார்த்தை. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூனா பஜாரில் உன்னோடு பழைய இரும்புக் குவியலைக் கிளற ஆரம்பித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் லேத்தில் உன் வண்டிக்குப் புஷ் வளையம் கடைந்து கொடுத்தேன். மன்னிப்பை இரும்பில் கடைந்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். நீயும் புஷ்ஷை வாங்கிப் பார்த்து, “அரே வா, பக்கா” என்பாய். முடிந்தது.

கிரேஸ் நிரந்தரம் ஆனாள். அதற்கும் பிறகு உன் ஸ்கூட்டர் முறை வந்தது. மைதானத்தில் ஒரே வாரம் ஓட்டிப் பழகி, அதை அவளே எடுத்துக்கொண்டாள். நீ சாரங்கை விடவில்லை. விற்றால் வாங்குகிறவன் பாவம் என்றாய்.

போன வருஷம் ஜூலையில் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கட்டின்மேல் சாய்ந்துவிட்டாய். நெஞ்சுவலி. வண்டி அன்று வீட்டில்தான் நின்றது. உன் சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும்போல் எனக்கு இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துக் கிரேஸ் வண்டியை எடைக்குப் போட்டாள். பிரிக்கும்போது இந்தத் தண்டை மட்டும் எடுத்துவைக்கச் சொல்லி, கியர் எண்ணெய் நாற்றத்தோடு பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். “இது உங்க சாமான்னு சொல்லிட்டே இருப்பாக. இது மட்டும் ஒருநாளும் மக்கர் பண்ணலியாம்” என்றாள். மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய் அந்த இரண்டு வளையங்களையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்றில் நுழையவில்லை. கிளம்பாத வண்டியில் இந்தத் தண்டு வாங்கிய உதை கொஞ்சமா நஞ்சமா, இருந்தும் தேயவில்லை. நான் பார்த்த பாகத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான். அந்த ஒரு சாணுக்கு வெளியே இருந்ததெல்லாம் எனக்குத் தெரியாது.

இதுவரை காலையில் எழுதியது. மீதியைக் கட்கி போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன்.

புறப்படும்போது படிக்கட்டில் ஜோஷியைப் பார்த்தேன். “அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. வைத்திருப்பவர்கள் யாரையாவது கேளுங்கள். வண்டி எப்படி என்று கேட்காதீர்கள், எல்லாரும் நன்றாக ஓடுகிறது என்றுதான் சொல்வார்கள். மறுபடியும் இதையே வாங்குவீர்களா என்று கேளுங்கள்” என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம்தான். லைனில் இருக்கிற ஆள் இப்படிச் சொன்னால் யாருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

கட்கியில் கிரேஸ் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். ஆற அமர யோசித்தால் இந்தத் தடவையும் சொல்லமாட்டேன் என்று பயம். “அந்த வண்டியை வாங்கச் சொன்னது என் தப்பும்மா. உன் ரெண்டு வருஷம் போனது என்னாலதான். அவன் இருக்கும்போதே சொல்லியிருக்கணும்.”

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “நான் உங்கமேல ரொம்ப நாளு கோவமாத்தான் இருந்தேன் அண்ணே” என்றாள். பிறகு, “ஒருநா அவுககிட்ட கேட்டேன், இன்னொருக்க அவரு சொன்னா அந்த வண்டிய வாங்குவீகளான்னு.”

“என்ன சொன்னான்?”

“வாங்கமாட்டேன்னாக. ஆனா அவன்கிட்ட கேக்காம வேற வண்டியும் வாங்கமாட்டேன்னாக.”

கேட்டிருக்கலாம்டா நீ. இந்தத் தடவை தெரியாது என்று சொல்லியிருப்பேன்.